முட்டுக்கு அடியில் பாம்பு

அட, அந்தப் பக்கம் போகாதீங்க தம்பி, தளத்தைத் தாங்கி நிக்கிற முட்டுக் கம்புல இடிச்சுக்குவீங்க. பாம்பு எங்கயும் ஓடிடாது. முதல்ல டீயைக் குடிங்க. பாம்பு பிடிக்கிறவர்னா பெரிய மீசையோட வருவார்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா பால் போடுறவர் மாதிரி பைக்ல வந்து இறங்குறீங்க!

பார்த்தது நானேதான். நீளமா? மேஸ்திரிகிட்ட ஆறடின்னு சொன்னேன். அவர் போன்ல உங்ககிட்ட பத்தடிங்கிறாரு. மதியத்துக்குள்ள இன்னும் வளரும், விடுங்க.

நிறமா? அது... பாம்பு நிறம்தான்.

நானா? மேல கான்கிரீட் தளம் போட்டிருக்காங்கல்ல, அதுக்குத் தண்ணி விடுறவ. காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். அதனால நாள் கணக்கு எனக்குத் தப்பாது. இன்னைக்கு ஏழு. பதினாலு நாள் ஆனாத்தான் தளம் முட்டு இல்லாம தானா நிக்கும். மேஸ்திரி பதினாலுங்கிறாரு! எப்படிய்யான்னு கேட்டா, தினம் ரெண்டு தரம் தண்ணி விட்டியே, ஏழு ரெண்டு பதினாலுங்கிறாரு. அதனால இன்னைக்கே முட்டுக் கம்பையெல்லாம் தட்டி எடுக்கணுமாம்.

ஏழாம் நாளே கோழியை எழுப்பிவிட்டா குஞ்சா வரும்? கூமுட்டைதான்னேன். தன்னைத்தான் சொல்றேன்னு கோவிச்சுக்கிட்டாரு. பாதி சரிதான்.

தட்டுறது யாரா? அதோ, சுத்தியலை வெச்சுக்கிட்டு என்னை முறைக்கிறானே, அவன்தான். என் சின்னவன். அம்மா, தளத்தைப் பத்தி நீ வாயத் தொறந்தா என் வேலை போயிடும்னு நேத்தே சத்தியம் வாங்கிட்டான். நான் மீறலையே! தளத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பாம்பைப் பத்தித்தான் பேசினேன். அவ்வளவுதான், வேலையாளுங்க பன்னெண்டு பேரும் வெளிய. மணல் குவியல் மேல ஏறின மேஸ்திரி இன்னும் இறங்கல பாருங்க.

ஐயோ, சிரிக்காதீங்க தம்பி, அவர் பார்க்கிறாரு. கொஞ்சம் பயந்த மாதிரி மூஞ்சிய வெச்சுக்குங்க.

முட்டு நிக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்குக் காலையில இன்ஜினியர் வந்துடுவாரு. அவர் ஒரு கம்பைக்கூடத் தொட விடமாட்டாரு. அதுவரைக்கும் ஓட்டணும், அவ்வளவுதான்.

மூத்தவனா? இருக்கான். அவனும் இதே வேலைதான் பார்த்தான். வேற ஒரு கட்டடம், அங்க ஒன்பதாம் நாளே முட்டுக் கம்பைப் பிரிச்சாங்க. இப்போ வீட்டுலதான். முதுகுக்கு ரெண்டு தலையணை கொடுத்தா உக்காருவான்.

கடவுள்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன், இந்த ஒரு பொய் என்னோடதா இருக்கட்டும்னு. நீங்க நிதானமா தேடுங்க தம்பி. இல்லாத பாம்பு என்ன, அவ்வளவு சீக்கிரம் சிக்கிடுமா?