பின்சீட்டுக் கனம்

— வெட்டியெல்லாம் விட முடியாதுண்ணே. மொதல்ல கத்தியக் கீழ வை.

— உரசுற எடத்த மட்டும் வெட்டி எடுத்துரு வேம்பு. டயர் ஃப்ரீயாச் சுத்தும். சொந்தத் தங்கச்சி ஒர்க்‌ஷாப்ல இதுகூட நடக்காதா? நாளைக்குக் காலையில என் நிச்சயதார்த்தத்துக்குக் கெளம்பணும்டி.

— சக்கரத்துக்கு மேல குடை மாதிரி கவுந்திருக்கிற இந்த லைனரு அழகுக்கு ஒட்டுன பிளாஸ்டிக் இல்ல, பாத்துக்க. சக்கரம் வாரியடிக்கிற சேறு, கல்லு எல்லாத்தையும் அதுதான் வாங்கிக்குது. அத வெட்டுனா திருத்துறைப்பூண்டி ரோட்டுல ஒரு மழ போதும், சேறு நேரா உள்ள இருக்கிற ஒயர்ல போய் அப்பிக்கும்.

— ப்ச். அப்ப என்னதான் பண்றது?

— ஏன் உரசுதுன்னு பாக்கணும். ஸ்போர்ட்ஸ் கார் பொறப்புலயே தாழ்வு. நீ ஸ்டைலுக்குன்னு ஸ்பிரிங்க மாத்தி இன்னும் தாழ்த்துன. பத்தாததுக்கு அகல டயரு. குறுகுன சந்துல வைக்கோல் வண்டி நொழைஞ்ச மாதிரி...

— கிண்டல் போதும். சென்னையில நல்லாத்தான் ஓடுச்சு. ஊருக்குக் கொண்டுபோயி, அப்பா பின்னாடி ஏறுன அன்னைக்குத்தான் சர்ருன்னு சத்தம் வந்துச்சு. அவரு கனம் தாங்கல.

— அதனாலதான் எறக்கி விட்டியா?

— ...யாரு சொன்னா?

— ராமாயி அத்தை. பண்ண வீட்டு வாசல்ல, அந்த வீட்டு ஆளுங்க பாக்க, "எறங்கி நடந்து வாங்கப்பா"ன்னியாமே. அந்த வாசல்லதாண்ணே ஒருகாலத்துல அவரு செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு நடந்தாரு. கூலிய ஒசத்தச் சொல்லிக் கேட்டு, செங்கொடி புடிச்சு ஜெயிலுக்குப் போனதும் அந்தப் பண்ணைய எதுத்துத்தான். மவன் கார்ல ஒரு தடவ அந்த வழியாப் போவணும்னு ஆசப்பட்டு ஏறுன மனுஷன்.

— அவனுங்க சிரிச்சானுங்கடி. "என்னடா ரெத்தினம், மவன் காரு ஒன்னையத் தாங்கலயா"ன்னானுங்க. எனக்கு மானமே போச்சு. வாய் தவறி...

— ஒனக்கு மானம் போச்சு, அவரு எறங்கி நடந்தாரு. நல்லாருக்கு நாயம். சரி, இங்க குனி. டார்ச்சப் புடி. இது பின் சக்கரத்து லைனர். என்ன தெரியுது?

— தூசி.

— கை படாத தூசி. டயர் பட்டிருந்தா தேஞ்சு பளபளன்னு இருக்கும். இப்ப முன்னாடி வா. எடது பக்கம்.

— ...பளபளன்னுதான் இருக்கு.

— பாத்தியா! ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா டயரோட ஓரம் இங்க வந்து முட்டுது. லைனரப் புடிச்சிருக்கிற கிளிப்பு வேற ஊரு ரோட்டுக் குலுக்கல்ல கழண்டு தொங்குது. பண்ண வீட்டு வாசல்லதான நம்ம தெருவுக்குத் திரும்புற வளைவு? பின்சீட்டுக் கனம் பெரும்பாலும் பின் சக்கரத்து மேலதான் எறங்கும். அன்னைக்கு நீ ஒண்டியா வந்திருந்தாலும் அங்க உரசியிருக்கும்ணே.

— அப்ப... அப்பாவால இல்லையா?

— இல்ல.

— வேம்பு, நாளைக்குக் கார்ல வாங்கன்னா, பஸ்ல வந்துர்றேங்கிறாரு. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்புடுவேன்?

— இதே மூஞ்சியத்தான். நான் கிளிப்ப மாட்டி, பழைய ஸ்பிரிங்கையும் டயரையும் போட்டுர்றேன். லைனர்ல சாக்பீஸத் தடவி, வண்டி நெறைய ஆள ஏத்தி, ரெண்டு பக்கமும் ஒடிச்சு ஓட்டிப் பாப்பேன். டயர்ல வெள்ள ஒட்டலேன்னா உரசலன்னு அர்த்தம். நீ அதுக்குள்ள போனப் போடு. ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கணும்.

— அப்பா... சாமிதுரை பேசுறேன். நாளைக்கு நம்ம கார்லயே போயிருவோம்ப்பா. அன்னைக்கு நான்...

— அட, அத வுடுப்பா. பஸ்ஸுன்னு சொன்னது கோவத்துல இல்ல, இன்னுங் கொஞ்சம் எளைச்சிட்டு ஏறலாம்னுதான். அன்னையிலேருந்து ராத்திரி சோத்த வுட்டுட்டேன், வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது. இப்ப ஏறுனா உரசாதுல்ல?