பாதி பாதியாக வெட்டிய கயிறு

பேப்பர் கப்பில் டீ குடிப்பது எனக்கு ஒத்துவருவதில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. ஊரெல்லாம் பீங்கான் சூளையை வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் பேப்பர் கப்பு. போகட்டும், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சொர்ணாம்பாள். கல்லூரியில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். இறந்துபோன தங்கதுரை என் கணவர். அதே துறையில் எனக்கு மேலே இருந்தவர். மேலே என்றால் நாற்காலியில் மட்டும்.

கல்யாணமான புதிதில் ஒரு கருத்தரங்கில் பேசினேன். தூரத்தைக் குறைத்துக்கொண்டே போகிற சார்பு ஒன்று இருந்தால், எங்கிருந்து தொடங்கினாலும் கடைசியில் ஒரே புள்ளிக்குத்தான் வந்து சேர வேண்டும். நிலைப்புள்ளி என்று பெயர். விருத்தாசலம் வரைபடத்தை விருத்தாசலத்துத் தரையிலேயே விரித்துப் போடுங்கள். ஒரே ஒரு புள்ளி தன் சொந்த இடத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இவ்வளவுதான் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து இவர் எழுந்தார்.

"குறையுதுன்னா மட்டும் போதுமா டீச்சர்? எந்த விகிதத்துலன்னு சொல்ல வேணாமா?"

மாணவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னது சரி, அதுதான் எரிச்சல். விகிதம் குறிக்காவிட்டால், குறைந்துகொண்டே இருந்தும் எங்கேயும் போய்ச் சேராமல் போகலாம். அன்றிலிருந்து வீட்டிலும் நான் டீச்சர்தான். சாம்பாரில் உப்புக் குறைந்தால் எந்த விகிதத்தில் என்று கேட்பார். எதிரே சாமிதுரையின் டீக்கடையில் சூளை ஆட்களிடம் இந்தக் கதையைத் தினமும் சொல்வார். களிமண் சுருங்குவதைத் தவிர வேறு சுருக்கம் தெரியாதவர்கள், அவர்களும் சிரிப்பார்கள்.

சர்க்கரையில் போன வருடம் அவருக்குக் கண் போனது. விரல்களும் மரத்துப்போயின. டீக்கடைக்குத் தடவிக்கொண்டே போனவர் களிமண் ஊறும் தொட்டியில் விழுந்தார். இடுப்பில் கயிறு கட்டிவிடச் சொன்னது அவரேதான். நைலான் கயிறு. ஒரு முனை கட்டிலோரத்து ஜன்னல் கம்பியில், மறுமுனை அவர் முதுகுப்பக்கம் முடிச்சு. அறுபத்து நான்கு அடி. டீக்கடை பெஞ்சு வரை சரியாக எட்டும்.

வாரம் ஒருமுறை அதைப் பாதியாக வெட்டினேன். முப்பத்திரண்டில் வாசல் கேட்டோடு நின்றுவிட்டார்.

"கயிறு குட்டையாயிடுச்சா டீச்சர்?"

"நீங்கதான் பெருத்துட்டீங்க. இடுப்புக்கே ரெண்டு சுத்து போவுது."

நம்பிவிட்டார், முனைவர் பட்டம் வாங்கிய மனிதர். சார் ஏன் வருவதில்லை என்று சாமிதுரை விசாரித்தார். டீ அலுத்துவிட்டது என்றேன். அவரும் நம்பினார். ஊரே இப்படித்தான்.

பதினாறில் கூடம். எட்டில் கட்டிலைச் சுற்றிய தரை. எட்டான அன்று அவர் கொஞ்ச நேரம் உதட்டுக்குள் எண்ணினார். பாதியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் முறையாக என் நிரூபணத்தில் அவருக்குக் குறை தெரியவில்லை.

ஸ்ரீமுஷ்ணத்தில் அக்கா வீட்டுக்குப் போகப் பையை எடுத்தேன்.

"தண்ணிய கைக்கெட்டுற எடத்துல வச்சிட்டுப் போ, சொர்ணம்."

கதவைப் பூட்டினேன். பக்கத்து யூனிட்டில் களிமண் அரைக்கிற மில் நாள் முழுக்க ஓடும். மனிதக் குரல் அதில் எடுபடாது. நல்ல மே மாத வெயில். ஐந்தாம் நாள் திரும்பினேன்.

நான் அவரை அடிக்கவில்லை, தள்ளவில்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள். தண்ணீர்க் குடம் ஜன்னலிலிருந்து பதினைந்தாவது அடியில், இருபது வருடமாக எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருந்தது. நிறைத்தும் வைத்திருந்தேன்.