வெறும் குழாய்

வீடு கட்டும்போது எல்லோரும் தரைக்கு என்ன டைல்ஸ், யன்னலுக்கு என்ன நிறம் என்றுதான் யோசிக்கிறார்கள். சுவருக்குள் என்ன போகப்போகிறது என்று யோசிப்பவர்கள் குறைவு. பூச்சு முடிந்த பிறகு ஞாபகம் வந்து புதுச் சுவரை உடைப்பார்கள். நான் அப்படி விடவில்லை. ஆலங்குடாவில் என் மகள் றிஸ்லாவுக்கு வீடு எழும்பியபோது, கல் அடுக்கி முடித்த கையோடு புத்தளத்திலிருந்து ரிப்கானை வரவழைத்தேன். பூச்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே அவன் சுவர்களைக் கொத்தி, குழாய் பதித்து, வயர் இழுத்துவிட்டான்.

எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேருவார். ஆகவே வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது பெண்ணின் தாய். இதில் யாரும் குறை காண முடியாது.

எல்லா வயர்களும் ஒரு பெட்டியில் வந்து சேர வேண்டும் என்றான் ரிப்கான். அந்தப் பெட்டியை மண்டபத்தில் வைக்கலாம் என்றார் மருமகன் ஃபைஸல். நான் என் அறையில் வைக்கச் சொன்னேன். வாசலுக்கு ஒரு கமரா, மண்டபத்துக்கு ஒன்று, பின்வளவுக்கு ஒன்று. படங்களைப் பார்க்க என் கட்டிலுக்கு எதிரே ஒரு திரை. ஃபைஸல் வேலைக்குப் போன ஒரு நாளில், மகளின் அறைக்கும் ஒரு வயர் இழுக்கச் சொன்னேன்.

"அறைக்குள்ளயா மாமி?"

"நாளைக்கு ஒரு புள்ள பொறந்தா தொட்டில ஆரு பார்க்கிறது? நான் சமைச்சிட்டு குசினில நிப்பன்."

"அதுவும் சரிதான். வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான் வைக்கிறாங்க."

கதவுக்குப் பக்கத்துச் சுவரில், உயரத்தில், காற்றுப் போக விட்டிருந்த துவாரத்துக்குள் அதை வைத்தான். சின்னக் கமரா. பேச்சும் கேட்கும். தேடிப் பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது. பிறகு ஏணியில் நின்றபடியே சொன்னான்: "நேர கீழ ஒரு துண்டு தெரியாது மாமி. சுவரோட ஒட்டி நிண்டா ஆள் படத்துல விழாது. எதிர்ச் சுவர்ல சும்மா ஒரு வெறும் பைப் விடுறன். தேவப்பட்டா பொறகு வயர இழுக்கலாம். சுவர ஒடைக்கத் தேவல்ல."

நெட் போனால் படமும் போய்விடுமா என்று கேட்டேன். அவன் பெட்டியில் ஒரு நீல வயரைத் தொட்டுக் காட்டினான். "இதக் கழட்டினா ஊட்டுல போனுக்கு நெட் வராது. அவ்வளவுதான். கமரா தன்ட பாட்டுல ஓடும்."

ஏன் இதெல்லாம் என்று நீங்கள் கேட்கலாம். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்களான எங்களை மன்னாரிலிருந்து வெளியேறச் சொன்னபோது எனக்கு ஒரு மகன் இருந்தான். அஃப்ராஸ். கரையில் ஒரே சனம். இடுப்பளவு தண்ணீரில் நின்று வள்ளத்தில் ஏறினோம். மூட்டையை மேலே எட்டிக் கொடுக்க ஒரு தடவை திரும்பினேன். மறுபடி பார்த்தபோது அவன் நின்ற இடத்தில் தண்ணீர் இருந்தது.

றிஸ்லா இங்கே முகாமில் பிறந்தவள். எங்கள் கொட்டிலுக்குத் தென்னோலைக் கிடுகு மறைப்பு. அந்தப் பக்கம் அவள் புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அவளுடைய மூச்சு கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். அவளுடைய வாப்பா செய்னுலாப்தீன் மௌத்தான பிறகும் அந்த மூச்சை வைத்துக்கொண்டுதான் நான் இருந்தேன். கல் வீட்டுக்கு வந்த முதல் இரவு, எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. நல்ல சுவர் என்று எல்லோரும் மெச்சிய சுவர். நான் எழும்பித் திரையைப் போட்டேன். அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். கிடுகுக்குப் பதிலாக ஒரு வயர். அதற்கு மேல் நான் எதையும் ஆசைப்படவில்லை.

பார்க்கக்கூடாததை நான் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் விளக்கை அணைத்தால் நானும் திரையை அணைத்துவிடுவேன்.

ஃபைஸல் கெட்ட மனிதர் அல்ல. கடற்கரையில் காற்றாடிப் பலகை விட வரும் வெள்ளைக்காரர்களின் ஹோட்டல் ஒன்றில் வேலை. பகிடிக்காரர். மூச்சு முட்டும் வருத்தம் சிறு வயதிலிருந்தே இருந்தது. சட்டைப் பையில் எப்போதும் வாயில் அடிக்கும் மருந்துப் பம்ப் வைத்திருப்பார். ஒரு நாள் அவர் அறைக்குள் இருமியதைக் கேட்டு, வெளியே வந்ததும் இஞ்சித் தேநீரை நீட்டினேன். அது என் பிழை.

"மாமி, நீங்க முந்தி சி.ஐ.டி.ல இருந்தீங்களா?" என்றார். றிஸ்லா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

றிஸ்லாவுக்கு வயிறு தெரியத் தொடங்கிய காலத்தில்தான் அந்தக் கதை வந்தது. அவர்கள் கட்டிலில் உட்கார்ந்து பேசினார்கள். நான் என் கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஊர்ல வாப்பாட காணிய துப்புரவாக்கியாச்சி," என்றார் ஃபைஸல். அவருடைய குடும்பமும் மன்னார்தான். சண்டை முடிந்த பிறகு தாயும் தகப்பனும் திரும்பிப் போய்விட்டார்கள். "புள்ள பொறக்க முந்தி போயிருவம்."

"இத உம்மாட்ட எப்படி செல்றது?"

"நான் செல்றன். ஒங்கட உம்மாக்கு செல்லவும் தேவல்ல. நான் செருமினா எந்தப் பக்கம் திரும்பி செருமின எண்டும் அவக்கு தெரியும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பல தடவை திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன். பெட்டியில் எல்லாம் பதிவாகும்.

"உம்மாவையும் கூட்டிட்டு போவமே," என்றாள் பிறகு.

"ஓம், கூட்டிட்டு போவம். நான் வாணாமெண்டா சென்ன?"

இதை மறைக்காமல் சொல்கிறேன். என்னையும் கூப்பிட்டார்கள். ஆனால் அந்தக் கரைக்கு நான் போக முடியாது என்று என் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளையை வாங்கிய தண்ணீருக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளையைக் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறார்கள். நான் எதுவும் கேளாதவள் மாதிரி அன்றைக்கு அவர்களுக்கு இடியப்பம் அவித்தேன்.

அந்த நாள் றிஸ்லா கற்பிட்டிக்குக் கிளினிக் போயிருந்தாள். பக்கத்து வீட்டு உம்மு குல்சூம் துணைக்குப் போனாள். ஃபைஸலுக்கு லீவு. காலையிலிருந்து புழுதிக் காற்று. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு இழுக்கத் தொடங்கியது. திரையில் பார்த்தேன். பம்பை எடுத்து வாயில் வைத்தார். குலுக்கினார். மறுபடி வைத்தார். அது முடிந்திருந்தது. அலுமாரியைத் திறந்து சட்டைகளைக் கீழே போட்டார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "மாமி" என்றார். பிறகு மீண்டும், "மாமி."

சுவர் வழியாக எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அது உண்மை. வயர் வழியாகக் கேட்டது.

அதற்கு மேல் நடக்க முடியாமல் அவர் கட்டிலில் உட்கார்ந்து போனை எடுத்தார். அந்த வீட்டுக்குள் கவரேஜ் வராது. நாங்கள் எல்லோரும் நெட்டில்தான் பேசுவோம். றிஸ்லாவைத்தான் கூப்பிடப் போகிறார் என்று விளங்கியது. அவள் கர்ப்பிணி. கற்பிட்டி ரோட்டில் ஓட்டோவில் வந்துகொண்டிருப்பாள். இப்படி ஒரு மூச்சைக் கேட்டால் என்ன ஆகும்? பயந்த வயிறு தாங்குமா? ஒரு தாய் வேறு எதை யோசிப்பாள்? நான் எழும்பி நீல வயரைக் கழற்றினேன். வேறு எதையும் தொடவில்லை.

அவர் போனைப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். பிறகு அதை வாயருகே வைத்து ஏதோ பேசினார். எனக்கு வார்த்தை பிடிபடவில்லை. பள்ளியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நான் முசல்லாவை விரித்து அஸர் தொழுதேன். முடிந்தபோது திரையில் அசைவு இல்லை. நீல வயரைத் திரும்பச் செருகினேன். பிறகுதான் அவருடைய அறைக்குப் போய், சத்தம் போட்டு, அயலைக் கூப்பிட்டேன்.

டொக்டர் மூச்சு வருத்தம் என்று எழுதினார். அது பொய் அல்ல. மறுநாள் காலையில் அடக்கினார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ தெரியாது. கேட்காததால்தான் இப்போது சொல்ல முடிகிறது.

ஆனால் வயரைத் திரும்பச் செருகியதில் ஒரு பிழை நடந்துவிட்டது. நெட் வந்ததும், போகாமல் நின்ற அவருடைய குரல் தானாகவே போய்விட்டது. றிஸ்லா ஓட்டோவில் இருக்கும்போதே அது வந்து சேர்ந்ததாம். ஜனாஸா போன பிறகு என் முன்னால் ஒரு தடவை போட்டாள். பெரும்பாலும் மூச்சுத்தான். நடுவில்: "றிஸ்லா... பம்ப் முடிஞ்சி... மாமி அறைக்குள்ளதான் ஈக்கிறா... கூப்பிடுறன்... வாறாவில்ல..."

"நான் தொழுதுகொண்டு நிண்டன் மகள்," என்றேன்.

அவள் ஓம் என்றாள்.

அன்றைக்கே அவளை, கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருத்தினார்கள். கர்ப்பிணிக்குப் பிள்ளை பிறக்கும்வரை இத்தா. அந்நிய ஆண்கள் பார்க்கக்கூடாது. இந்த விஷயங்களில் உம்மு குல்சூம்தான் எங்கள் பக்கத்துக்குப் பொறுப்பு. யன்னல்களுக்கு வெள்ளைத் துணி கட்டினாள். மண்டபத்தில் கமராவைக் கண்டதும் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இதென்ன மஹ்மூதா ராத்தா, ஆம்புளயள் வாசலால வந்தாத்தானா? கம்பியாலயும் வருவாங்களே. இத ஆரெல்லாம் பார்க்கிற?"

"நான் மட்டுந்தான் பார்க்கிற."

"அத செய்தவன்ட்டயும் ஒருக்கா கேப்பம்." அவளே ரிப்கானுக்குப் போன் எடுத்தாள். சத்தமாகப் போட்டுப் பேசுவது அவளுடைய பழக்கம். "டேய் ரிப்கான், ஊட்டுக்குள்ள எங்கெங்கடா இந்தக் கண்ண வெச்சீக்கிற? ஒண்டு விடாம செல்லு, துணி கட்டணும்."

"உள்ளுக்கு மண்டபத்துல ஒண்டு. பொறகு றிஸ்லா ராத்தாட அறையில, துவாரத்துக்குள்ள. தொட்டில் பார்க்கிறத்துக்கு மாமி வெக்கச் சென்னது. அதையும் மறைச்சிட்டா போதும்."

உம்மு குல்சூமுக்கு அதில் ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. ஏணி எங்கே என்று கேட்டாள். றிஸ்லா கட்டிலில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். தலையை உயர்த்தித் துவாரத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் கணக்குப் பார்ப்பது தெரிந்தது: இஞ்சித் தேநீர், மன்னார்க் கதை, யாரும் வராமல் போன "மாமி" என்ற கூப்பிடல்.

"அத மறைக்க வாணாம்," என்றாள் உம்மு குல்சூமிடம். "அது உம்மாட கண்தானே."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சண்டையும் பிடிக்கவில்லை. இத்தாவில் இருப்பவள் வீட்டை விட்டுப் போக முடியாது; நான் சமைப்பதைச் சாப்பிட்டாள், நான் துவைத்ததை உடுத்தாள். கட்டிலில் படுப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். பாயை எடுத்துக்கொண்டுபோய்த் துவாரத்துக்கு நேர் கீழே, சுவரோடு ஒட்டிப் போட்டாள். அங்கேதான் இருக்கிறாள், அங்கேதான் உறங்குகிறாள். திரையில் எனக்கு வெறும் கட்டில் தெரிகிறது. கால் நீட்டினால் பாதங்கள் தெரியும். பாதங்கள் வீங்கியிருக்கின்றன. உப்பைக் குறைத்துச் சமைக்கிறேன்.

மூச்சு மட்டும் கேட்கிறது. அது போதும் என்று நினைத்தேன். போதவில்லை.

சில நேரம் போனில் மெதுவாகப் பேசுவாள். "ஓம் மாமி. புள்ளய கையில தந்த ஒடன வாறன். வாகனத்த நேர ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க." எந்த மாமியோடு பேசுகிறாள் என்று எனக்குச் சரியாக விளங்கவில்லை. அவளுக்கு மாமிமார் பலர். ஆஸ்பத்திரிக்கென்று ஒரு பெரிய பேக்கைக் கட்டி வைத்திருக்கிறாள். அலுமாரி காலி. ஃபைஸலின் சட்டைகளும் அந்தப் பேக்குக்குள்தான். ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு துணி தேவையில்லை மகள் என்று சொல்ல நினைத்தேன்.

ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். அஸர் தொழுதேன் என்றேன். தொழவில்லை. முசல்லாவை விரித்தது உண்மை. அதன் மேல் திரைப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். ஃபைஸலின் கால் விரல்கள் ஓயும்வரை பார்த்தேன். கடைசியில் அவர் துவாரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார், காற்றுக்காக இருக்கலாம். நான் கண்ணை எடுக்கவில்லை. அஃப்ராஸுக்கு நான் செய்யத் தவறியது அதுதான் என்று இத்தனை வருடங்களாக நினைத்திருந்தேன். கண்ணை எடுக்காமல் பார்க்க எனக்கு முடியும் என்று அன்றைக்கு எனக்கே நிச்சயமாகிவிட்டது.

நேற்று ரிப்கானோடு பேசினேன். இத்தா அறைக்குள் அவன் வர முடியாது. றிஸ்லாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நாளில் அறை காலியாக இருக்கும், அன்றைக்கு வருவான். எதிர்ச் சுவரில் ஒரு கமரா வைத்தால் துவாரத்துக்குக் கீழே உள்ள அந்தத் துண்டும் தெரியும். தொட்டிலையும் அங்கேயே போட்டுவிடலாம்; தாய்க்குப் பக்கத்தில் இருக்கும். அவள் பிள்ளையோடு வந்து இறங்கும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பெரிய வேலை ஒன்றும் இல்லை. சுவரை உடைக்கத் தேவையில்லை. குழாய் ஏற்கனவே உள்ளே இருக்கிறது.