கட்டு நிறையும்வரை

கதவை ஓயாமல் தட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. சொல்ல வேண்டியதைச் சேர்த்து வைத்து, ஒரே தடவையில் சொல்லிவிட்டுப் போகிறவர்களைத்தான் பிடிக்கும். என் வேலையும் அப்படித்தான் சார். கணினிகளுக்கிடையே செய்தி அனுப்பும் நிரல் தொகுப்பு ஒன்றை எழுதினேன். செய்திகள் ஒவ்வொன்றாகப் போகாது. கட்டாகச் சேரும், கட்டு நிறைந்ததும் கிளம்பும். பயன்படுத்துகிறவர்களுக்கு ‘அனுப்பு’ என்று ஒரே கட்டளை.

என் மனைவியின் தம்பி என் குழுவில்தான் இருந்தான். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். ‘உடனே அனுப்பு’ என்று இன்னொரு கட்டளையும் வேண்டும் என்றான் அவன். இரண்டாவது வாசல் வைத்தால் எல்லோரும் அதிலேயே நுழைவார்கள், பிறகு கட்டு எதற்கு என்றேன். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டான்:

“வேன் நிறைஞ்சாதான் கிளம்பும்னா, பிரசவ வலியோட ஏறினவ என்ன அத்தான் பண்ணுவா?”

அறையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். இரண்டாவது கட்டளையை மட்டும் சேர்க்கவில்லை.

ஒரு குளிர்பதனக் கிடங்குக்காரர்கள் எங்கள் தொகுப்பை வாங்கினார்கள். குளிரூட்டப் பயன்படும் நச்சு வாயுவான அமோனியா கசிந்தால் உணர்கருவிகள் செய்தி அனுப்பும், ஆபரேட்டரின் திரை சிவக்கும், சங்கு ஊதும். பொருத்திக் கொடுக்க நாங்கள் இருவரும் போனோம். கிளம்பும் முன் கட்டின் அளவைக் கூட்டி வைத்தேன். பெரிய கட்டு என்றால் வலைப்பின்னலுக்குச் சுமை குறையும். அவனிடம் சொல்லத் தோன்றவில்லை.

அவன் கருவிகளைச் சரிபார்க்க இயந்திர அறைக்குள் போனான். நான் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பாமல் காத்திருக்கும் செய்திகள் என் மடிக்கணினியில் மட்டும் தெரியும். முதலில் ஒன்று வந்தது: கசிவு. பின்னாலேயே இன்னொன்று. கட்டு பாதிகூட நிறையவில்லை.

ஆபரேட்டர் தன் பச்சைத் திரையைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். “இன்னிக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல சார்.”

“ஆமா,” என்றேன்.

அப்போது மனைவி கூப்பிட்டாள். “தம்பி போனை எடுக்க மாட்டேங்கறான். உங்க பக்கத்துல இருக்கானா?”

“உள்ள வேலையா இருக்கான். முடிச்சிட்டு வருவான், வை.”

பிறகு கட்டு நிறைந்தது. சங்கு ஊதியது. முகமூடி மாட்டியவர்கள் ஓடினார்கள். அவன் கதவை ஒட்டியே விழுந்து கிடந்தான். கைப்பிடிவரை கை எட்டியிருக்கிறது, திருகத்தான் தெம்பில்லை.

நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சங்கை ஊதவைக்கும் பொத்தான் எனக்குக் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அழுத்தியிருந்தால் அவன் பிழைத்து வந்திருப்பான். வந்து, “நான் அப்பவே சொன்னேன்ல அத்தான்” என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பான். அதை யோசித்துத்தான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அவனைச் சாக விட்டது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நல்லது சார். அழுதழுது அவள் எதுவும் சாப்பிடுவதில்லை. தம்பியும் போன பிறகு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?