பூனைச் செய்தியின் கடைசி வரி

பூனை வளர்ப்பவர்களுக்குத் தேதி மனதில் நிற்காது, சார். பிள்ளையின் பிறந்தநாளைச் சொல்வார்கள், ரேஷன் கடையில் சீனி போடும் நாளைச் சொல்வார்கள். பூனைக்கு எப்போது பூச்சி மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டால் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். அதற்காகத்தான் நான் பூனைச் செய்தியை ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் போகும். எங்கள் கிளினிக்குக்கு வருகிற திண்டுக்கல், வத்தலக்குண்டு, சின்னாளப்பட்டி ஆட்கள் இருநூற்றுப் பதினான்கு பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். பசும்பால் கொடுக்காதீர்கள், வயிற்றால் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து. மூன்று மாதக் குட்டிக்கு முதல் வெறிநோய் ஊசி. கடைசியாக, டாக்டர் சிவபிரகாஷ் சேர்க்கச் சொன்ன ஒரு வரி: ஊசி போட்ட பூனையே கடித்தாலும் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று வருடமாக அது அப்படியே போய்க்கொண்டிருந்தது. கௌசல்யா எழுதினால் பிழை இருக்காது என்று டாக்டர் அதைப் படித்துப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

பதினோரு வருடமாக அங்கே உதவியாளராக இருக்கிறேன். என்னை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தலையில் பூ இல்லாமல் பேருந்தில் ஏற எனக்குப் பிடிக்காது. மாலையில் வைத்துக்கொண்டு போகக் காலையிலேயே நிலக்கோட்டை மல்லி மொட்டாக வாங்கி வருவேன். சித்திரை வெயிலுக்கு மதியத்துக்குள் விரிந்துவிடும் என்பதால் தடுப்பூசி ஃபிரிட்ஜில் வைப்பேன். டாக்டர் ஒருமுறை பார்த்துவிட்டு, "இது மருந்து ஃபிரிட்ஜும்மா, பூவ வெளிய எடுத்துருங்க" என்றார். அதைத் திட்டு என்று சொல்ல முடியாது. அப்புறம் குப்பிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, திங்கட்கிழமை விசேஷத்துக்காகக் கூடுதலாக மொட்டு வாங்கினேன். ஞாயிறு விடுமுறை, என் வீட்டில் ஃபிரிட்ஜும் கிடையாது. இரண்டு நாள் தாங்க வேண்டுமே என்று ஃபிரிட்ஜின் குளிர்த் திருகை முழுசாகத் திருப்பிவிட்டுப் போனேன். திங்கள் காலை திறந்தால் பூவும் உறைந்திருந்தது, பதினெட்டு வெறிநோய்க் குப்பிகளும் உறைந்திருந்தன.

உறைந்த தடுப்பூசி உருகினாலும் வேலை செய்யாது, தூக்கிப் போட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே டாக்டர் சொல்லிக் கொடுத்தது அது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதும் என் கையெழுத்துதான். ஆனால் தூக்கிப் போட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். பூ என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து உருக வைத்தேன். அடியில் கசடு மாதிரி ஏதோ நின்றது. குலுக்கினால் கலந்துவிட்டது. எல்லாவற்றையும் முன்வரிசையில் வைத்தேன், சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று.

அதில் ஒன்று பட்டாணிக்குப் போயிற்று. பட்டாணி என்பது சின்னாளப்பட்டி வினிதா வீட்டுப் பூனைக்குட்டி. வினிதா தறி நெய்கிறவள். அவள் மகள் தமிழ்மதிக்கு ஆறு வயது. குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தது அவள்தான்.

"அதுக்கு வலிக்குமா ஆன்ட்டி?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான் கண்ணு இருக்கும்" என்றேன். சிரிஞ்சில் ஏற்றிக் கொடுத்தது நான், போட்டது டாக்டர். தடுப்பூசி அட்டையில் குப்பியின் ஸ்டிக்கரை நானே ஒட்டுவேன் என்றாள் தமிழ்மதி. கோணலாக ஒட்டினாள். நான் சரிசெய்யவில்லை.

மே இருபத்தேழாம் தேதி வினிதா போன் பண்ணினாள். "அக்கா, பட்டாணி பாப்பாவக் கன்னத்துல கடிச்சிருச்சுக்கா. போன மாசம் தெருநாய் ஒண்ணு அதக் கடிச்சுச்சு. இப்ப ரெண்டு நாளா தறிக்கு அடியிலயே ஒளிஞ்சு கெடக்கு. ஊசி போட்ருக்குல்ல?"

"போட்டிருக்கு. பயப்படாதீங்க. கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்றேன். சோப்பு சரியான யோசனைதான், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். டாக்டர் பத்தடி தள்ளி ஒரு நாய்க்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைக் கூப்பிடவில்லை.

முப்பதாம் தேதி மறுபடி கூப்பிட்டாள். "பட்டாணி செத்துப்போச்சுக்கா. வாயெல்லாம் நொரை."

"வெயிலுக்கு அப்படி வரும்."

"கடிச்சா பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நீங்க செய்தியில போடுவீங்கள்லக்கா?"

"அது ஊசி போடாத பூனைக்கும்மா."

"போனு மாத்துனதுல பழசெல்லாம் போயிருச்சு. நாளான்னைக்கு ஒண்ணாந்தேதிதான? வந்ததும் ஒருக்கா பாத்துக்கிறேன். போகணும்னு இருந்தா கூட்டிட்டுப் போயிர்றேன்."

சரி என்றேன்.

ஜூலையில் தமிழ்மதி தண்ணீர் டம்ளரைப் பார்த்து அலறினாள். நான்கு நாள் இருந்தாள். துக்கத்துக்குப் போனேன், அன்று பூ வைத்துக்கொள்ளவில்லை. வினிதா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊசி போட்டமேக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆமாம் என்றேன். எனக்கு அழுகை வரவில்லை, சார். இன்றுவரை எதுவும் வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பேருந்தில் வருகிறேன்.

டாக்டரை நீங்கள் விட்டுவிடலாம். மருந்தைக் கெடுத்தது நான், கெட்டதென்று தெரிந்தே எடுத்துக் கொடுத்ததும் நான். மற்ற பதினேழு பூனைகளின் வீட்டு விலாசமும் எழுதித் தருகிறேன். எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும் வரி மாதாமாதம் போனது என்கிறார் டாக்டர். ஜூன் செய்தியில் அது இல்லவே இல்லை என்கிறாள் வினிதா. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

மே முப்பத்தொன்றாம் தேதி மதியம் சாப்பிட்டுவிட்டு ஜூன் செய்தியை எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் எந்த கிளினிக், என்ன ஊசி என்று விசாரிப்பார்கள், பேச்சு ஃபிரிட்ஜில் வந்து நிற்கும். அதுவும் நினைவில் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். மறுநாள் ஏழு மணிக்கு அனுப்பினேன். ஏழு இரண்டுக்கு வினிதா குழுவில் கும்பிடு போட்டிருந்தாள். அன்றைக்குப் போயிருந்தாலும் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கலாம் என்கிறார் டாக்டர். இருக்கலாம்.

ஆனால் வேண்டுமென்றே அந்த வரியை எடுத்தேன் என்று எழுதாதீர்கள், சார். வெயில் காலத்தில் பூனைக்குத் தண்ணீர் வைப்பது பற்றி அந்த மாதம் நிறைய எழுத வேண்டியிருந்தது. இடம் பத்தவில்லை.