விரி என்று சொல்லும் கொழுப்பு

— முதல்ல அந்தப் பை மேல துண்டைப் போடு. அப்புறம் பேசு.

— எதுக்குண்ணே? நர்ஸ் வந்து அளவு பாக்கணும்.

— தங்கச்சி கண்ணு முன்னாடி மூத்திரப் பை தொங்குது. மானம் போகுது எனக்கு.

— ஆய்வுக்கூடத்துல தினமும் எலி மூத்திரத்தை அளக்குறவ நான். எனக்கென்ன கூச்சம்?

— எலியோட என்னைச் சேத்துட்டியே, புரொபசரம்மா! சரி, எவ்வளவு இருக்கு?

— அடியில கொஞ்சம். கறுத்துப் போய்க் கெடக்கு.

— காலையில இருந்து அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். டாக்டர் கேட்டப்ப ஏண்ணே பொய் சொன்ன? "வலி மாத்திரையா, நான் தொட்டதே இல்ல"ன்னு? அடுத்த நிமிஷம் உன் சட்டைப் பையில இருந்து நர்ஸ் நாலு அட்டையை எடுத்து என் கையில குடுக்குறாங்க. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வாங்கினேன்.

— அத்தனை பேர் சுத்தி நின்னாங்க. வாய் தானா அப்படிச் சொல்லிடுச்சு. விடு குட்டி.

— எதை விடுறது? ரெண்டு கிட்னியும் படுத்துடுச்சு. எப்ப இருந்து போடுற?

— கிளச்சு மிதிச்சு மிதிச்சு இடது முட்டி போச்சு. வெளிய சொன்னா பஸ்ஸுல இருந்து எறக்கிடுவான். என்கூட வேலைக்குச் சேந்த டிரைவர் ஒருத்தன் உண்மையைச் சொன்னான். இப்ப டிப்போ வாசல்ல டயருக்குக் காத்தடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், எங்க மூஞ்சியைக்கூட நிமிந்து பாக்க மாட்டேங்குறான். அந்த நெலமை எனக்கு வேணாம்னு பாத்தேன். காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு, அப்புறம் வலிக்கிறப்பல்லாம்.

— தண்ணி?

— தண்ணி எங்க குடிக்கிறது? ரூட் முடியுற எடத்துல ஒதுங்க ஒரு மறைவு கெடையாது. பொம்பளைங்க, புள்ளைங்கன்னு பஸ்ஸே பாத்துக்கிட்டிருக்க, ஓரமா நிறுத்திட்டு எறங்கவா முடியும்? உதட்டை நனைச்சுக்குவேன், அவ்வளவுதான்.

— ஐயோ அண்ணே.

— ஒண்ணு கேக்குறேன், சிரிக்கக் கூடாது. முட்டிக்குப் போட்ட மாத்திரை கிட்னிக்கு ஏன் போச்சு? வழி தவறிடுச்சா?

— வழியெல்லாம் தவறல. கேளு. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லையும் சுத்திக் கொழுப்புல ஒரு தோல் இருக்கு. தேவைப்படுறப்ப உடம்பு அதுல ஒரு துணுக்கை வெட்டி, சேதி சொல்ற ஆளா மாத்தி அனுப்பும். புரியுதா? உன் முட்டியை வீங்க வெச்சு வலிக்க வெச்சது அந்த ஆளுதான்.

— சரி.

— அதே குடும்பத்து ஆள் கிட்னியிலயும் இருக்கான். உள்ள ரத்தம் வர்ற பொடிக் குழாய்கிட்ட "விரி, விரி"ன்னு சொல்றதுதான் அவன் வேலை. "சுருங்கு"ன்னு சொல்ற பங்காளியும் அதே கொழுப்புல இருந்துதான் பொறக்குறான். நீ தண்ணி குடிக்கலேன்னா உடம்பு பயந்து போய்க் குழாயை இறுக்கப் பாக்கும். அந்த நேரத்துல "விரி"ங்கிறவன்தான் மல்லுக்கட்டித் திறந்து வெச்சிருப்பான்.

— நான் போட்ட மாத்திரை?

— அவனைச் செய்யுற பட்டறையையே மூடிடும். முட்டியில மட்டும் மூடுன்னா அதுக்குத் தெரியாது, கிட்னியிலயும் மூடும். "விரி"ன்னு சொல்ல ஆளில்ல. குழாய் சுருங்கிப் போச்சு, ரத்தம் போகல.

— அடப்பாவி! காவலுக்கு நின்னவனை நானே வெரட்டிட்டேனா?

— ஆமாண்ணே.

— திரும்ப வருமா?

— கொஞ்ச நாள் மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிப் பாப்பாங்க. பாதிக்கு மேல வரலாம்னு டாக்டர் சொல்றாரு. ஆனா பஸ்ஸை மறந்துடு.

— ம்.

— ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? கூடப் பொறந்தவ இதைத்தானே ஆராய்ச்சி பண்றா! நாளைக்கு டிபார்ட்மென்ட்ல கேட்டா என் மூஞ்சியை எங்க கொண்டு போய் வெச்சுக்குவேன்?

— இதையா? இந்தக் கொழுப்பு, குழாய், மாத்திரை... இதுவா உன் ஆராய்ச்சி?

— இதேதான்.

— எவ்வளவு லேசாச் சொல்ற, எனக்கே புரியுது. போன வருஷம் மெடல் குடுத்தாங்களே, அந்தக் கூட்டத்துல நீ பேசினதும் இதுதானா?

— அது உனக்கு எப்படித் தெரியும்? அண்ணே... நான் உன்னைக் கூப்பிடவே இல்லையே.

— உனக்குக் கூச்சமா இருக்கும்னு தெரியும். டூட்டி முடிச்சு யூனிஃபார்மோட அப்படியே வந்துட்டேன், அதான் கடைசி வரிசையில உக்காந்துக்கிட்டேன்.

— முழுசாக் கேட்டியா?

— கேட்டேன், குட்டி. அத்தனையும் இங்கிலீஷ், ஒரு எழுத்து புரியல. எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். அழாத. அன்னைக்கு முட்டி ரொம்பப் படுத்துச்சு. நீ பேசுறதைப் பாதியில விட்டுட்டுப் போயிடக் கூடாதேன்னு, வாசல்லயே ரெண்டு மாத்திரையைப் போட்டுக்கிட்டுதான் உள்ள வந்தேன்.