நாளை வரை சுடக்கூடாத கௌபாய்

பார்க் நிலையத்தில் மெட்ரோ ஏறி உட்கார்ந்ததும், பின் இருக்கைப் பெண் தன் அண்ணனிடம் சொன்னது காதில் விழுந்தது.

“இண்டைக்கு அவனைச் சுடவேண்டாம், அண்ணை. நாளைக்கு அப்பான்ர கண் ஒப்பரேஷன் முடியட்டும்.”

மாவீரனான நான் மரக்கறிப் பையை நெஞ்சோடு அணைத்தபடி, கதவுக்கு எத்தனை எட்டு என்று கணக்கிட்டேன். பிறகுதான் ஜன்னல் கண்ணாடியில் அண்ணன் கையிலிருந்த கௌபாய் நாவல் தெரிந்தது.

“கடைசி அத்தியாயத்தில ஷெரீப் அவனைச் சுடுறான். அப்பாக்கு நான் எப்பிடி மாத்தி வாசிக்கிறது?”

“அவர் ஏற்கெனவே பயந்துபோய் இருக்கிறார். குதிரையில ஏத்தித் தப்ப விடுங்கோ.”

“பேந்து அவரே எடுத்து வாசிச்சா, என்ர பொய்யைப் பிடிச்சிடுவாரே?”

“பிடிக்கட்டும், அண்ணை. அப்பிடிப் பிடிச்சா அவருக்குக் கண் தெரியுதெண்டுதானே அர்த்தம்.”